இடது கை தூக்கியவர்கள்

போன வாரம் ஓய்வூதியக் காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்க வட்டார வள மையத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த பயிற்றுநர்கள் நீங்கள் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டீர்கள். "நடுநிலைப் பள்ளி கணக்கு, அறிவியல் டீச்சர்ஸ் மாசம் ஒரு தடவை கூடி, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துக்கிற மாதிரி குழு ஆரம்பிக்கச் சொல்லியிருக்காங்க மேடம். நீங்க நடத்தியிருக்கீங்களாமே, எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்டீர்கள். எனக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது. முட்டி வேறு ஒத்துழைக்கவில்லை. "ஆரம்பிக்கிறது சுலபம், டீ சொல்லி அனுப்புங்க" என்று சிரித்து மழுப்பிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

திருநின்றவூரில் இறங்கும் வரை அது உறுத்திக்கொண்டே வந்தது. உங்களுக்கு ஒரு பதில் நான் தரவேண்டியிருக்கிறது. குழு நடத்துவது எப்படி என்று எனக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை. தடுக்கி விழுந்து கற்றுக்கொண்டதுதான். அதில் ஒரு விழுதலை மட்டும் சொல்கிறேன். மற்றதெல்லாம் உங்களுக்கு வரும் சுற்றறிக்கையிலேயே இருக்கும்.

நானும் உங்களைப்போலப் பயிற்றுநராக இருந்தபோது, மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மதியம் கூடுவது என்று முடிவு செய்து, ஆவடி சுற்றுவட்டாரத்திலிருந்து பதினான்கு பேரைச் சேர்த்தேன். ஆறு முதல் எட்டு வரை கணக்கோ அறிவியலோ எடுப்பவர்கள். முதல் ஆறு மாதம் பிரமாதமாக நடந்தது. அதாவது, ஒன்றுமே நடக்கவில்லை. ஒருவர் தெர்மகோலில் எரிமலை கொண்டுவந்தார். இன்னொருவர் கண்ணாடித் தாள் ஒட்டிய விளக்கப்படம். ஒருவர் தன் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடும் வீடியோ. எல்லோரும் கை தட்டினோம், போட்டோ எடுத்தோம், மேலிடத்துக்கு அனுப்பினோம். அவரவர் வகுப்பில் எது ஓடாமல் நிற்கிறது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தாமோதரன் என்று ஓர் ஆசிரியர், ஆவடிக்காரர். பதினெட்டு வருஷ அனுபவம், வாய் சும்மா இருக்காது. ஒருநாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னா மேடம், நம்ம மீட்டிங்குல டீ மட்டுந்தான் சூடா கீது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. மனிதர் சொன்னது உண்மை. அன்றே அறிவித்தேன்: "இனிமே பொருளெல்லாம் வேண்டாம். ஒருத்தர் வகுப்பை மத்தவங்க போய்ப் பார்க்கலாம். நிஜமா நடக்கிற வகுப்பு. யார் முதல்ல?"

அவ்வளவுதான். சிலர் கைப்பைக்குள் எதையோ தேடினார்கள், சிலர் தரையைப் பார்த்தார்கள். என்னோடு வேலை செய்த ஒரு தலைமையாசிரியை சொல்வார், "கதவு சாத்தியிருந்தா நான் டீச்சர், திறந்திருந்தா நான் குற்றவாளி" என்று. அது எத்தனை நிஜம் என்று அந்த அறையில் தெரிந்தது. கடைசியில் ஷாகிதா கை தூக்கினார். "என் கிளாஸுக்கு வாங்க மேடம்."

ஷாகிதா முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தார். அதிகம் பேசாதவர், ஆறு வருஷ அனுபவம். அந்தப் பள்ளியில் மூன்று வகுப்புக்கும் கணக்கு எடுக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புதன்கிழமை மதியம் அனுமதி வாங்கிக்கொண்டு என்னோடு சேர்த்துப் பதினோரு பேர் போனோம். ஏழாம் வகுப்பு. பின்வரிசையில் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி மோவாயில் இடிக்க உட்கார்ந்தோம். பாடம், குறை எண்களின் பெருக்கல். மைனஸை மைனஸால் பெருக்கினால் ப்ளஸ் வரும் என்ற அந்தப் பாடம்தான்.

வகுப்பு தண்ணீர் மாதிரி ஓடியது. ஷாகிதா கேள்வி கேட்டதும் முப்பது கைகள் எழும். அவர் ஒருவரைக் காட்டுவார், பதில் சரியாக வரும். அடுத்த கேள்வி, மறுபடி முப்பது கைகள். என் பக்கத்தில் இருந்தவர், "சூப்பர் கிளாஸ்ல?" என்று முணுமுணுத்தார்.

எனக்கு முன்னால் ஒரு பெண் இருந்தாள். மணிக்கட்டில் நீல பேனாவால் கைக்கடிகாரம் வரைந்திருந்தாள், முள்கூட வரைந்திருந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் அந்தக் கடிகாரக் கைதான் மேலே போனது. இடது கை. பார்வையை ஓட்டினேன். அங்கங்கே இன்னும் பத்து இடது கைகள். ஷாகிதா எழுப்பியதெல்லாம் வலது கை தூக்கியவர்களை மட்டும்.

இந்த வித்தை தெரியாதவர்கள் உங்களில் இருந்தால் பாக்கியசாலிகள். பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லி வைப்போம். ஆய்வுக்கு வருகிறவர் கண்ணுக்கு வகுப்பே கை தூக்கியிருக்கும். நானும் ஒருகாலத்தில் செய்தவள்தான். அதில் ஏமாற்று மட்டும் இல்லை. தெரியாத பிள்ளையும் அன்றைக்கு ஒருநாள் தலை குனியாமல் உட்காரலாம்.

இதெல்லாம் இப்போது நிதானமாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு வந்தது கோபம். ஆறு மாதம் எரிமலை பார்த்த எரிச்சல். இங்கேயும் நாடகமா என்று தோன்றியது. எழுந்தேன். "டீச்சர், நான் ஒரு கேள்வி கேட்கலாமா?"

ஷாகிதாவின் முகத்தில் ஏதோ ஓடியது. பத்து பேர் முன்னால் பயிற்றுநரிடம் எந்த ஆசிரியர் மாட்டேன் என்பார்? தலையை ஆட்டினார். கடிகாரப் பெண்ணின் தோளைத் தொட்டேன்.

"உன் பேர் என்னம்மா?"

"பவித்ரா மிஸ்."

"மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ப்ளஸ்னு கை தூக்கினியே. ஏன் ப்ளஸ் வருது?"

அவள் ஷாகிதாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் கடிகாரத்தையும் பார்த்தாள். பிறகு பளிச்சென்று சொன்னாள்: "அது ரூல் மிஸ். ஏன்னு மட்டும் கேக்காதீங்கன்னு டீச்சர் சொல்லிக்கீறாங்க."

பின்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. தாமோதரனுடையது. அவரைத் தொட்டு இன்னொன்று, அப்புறம் எல்லாம். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்திக்கொண்டேன் என்றால் நானும் சிரித்தேன் என்றுதான் அர்த்தம். ஷாகிதா கையிலிருந்த சாக்பீஸை மேசையில் சத்தம் வராமல் வைத்தார். மணி அடித்ததும் எங்களுக்கு டீயும் சமோசாவும் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார். நாங்கள் ஆவடி நிலையத்தை எட்டுவதற்குள் வாட்சப் குழுவில் ஒரு வரி: ஷாகிதா வெளியேறிவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் யாரோ டீயில் ஏன் சர்க்கரை இல்லை என்றார்கள். "ஏன்னு மட்டும் கேக்காதீங்க!" என்றது ஒரு குரல். சிரிப்பு. போட்டோ ஏன் இன்னும் அனுப்பவில்லை? "ஏன்னு மட்டும் கேக்காதீங்க!" இரண்டு மாதம் இப்படிப் போனது. அடுத்த வகுப்பைக் காட்ட ஆள் இல்லை. பதினான்கு ஒன்பதாயிற்று, பிறகு ஐந்து.

தாமோதரனே என்னை ஓரமாக அழைத்தார். "பயந்துகினு கீறாங்க மேடம். அடுத்து எந்தப் புள்ளையை எழுப்பி வுட்டு மானத்த வாங்குவீங்களோன்னு."

"நீங்கதானே முதல்ல சிரிச்சது?"

"ஆமா மேடம். என் வாயி அப்பிடி." தரையைப் பார்த்தார். "அந்த ஷாகிதா டீச்சரு டிரான்ஸ்பர் கவுன்சிலிங்குல வேற ஒன்றியம் கேக்கப் போறாங்களாம். தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அவர் போனால் அந்தப் பள்ளியில் கணக்குப் பணியிடம் காலியாகக் கிடக்கும். எத்தனை நாளைக்கு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடிகாரப் பெண்ணுக்கும் அவள் வகுப்புக்கும் ரூல் சொல்லித் தரக்கூட ஆள் இருக்காது. ஒரு ஆசிரியரை நாடகம் போடாதே என்று திருத்தப் போய், மூன்று வகுப்பின் கணக்கைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன்.

அந்த ஞாயிறு கரையான்சாவடிக்குப் போனேன். மெயின் ரோட்டில் ஷாகிதாவின் கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார், மாடியில் வீடு. என்னை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு மேலே குரல் கொடுத்தார். அந்த ஐந்து நிமிஷம் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் யாருக்கும் தங்களுக்கு வேண்டிய சாமானின் பெயர் தெரியவில்லை. ஒருவர் தேய்ந்துபோன வாஷரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "பாய், இது இன்னான்னு தெரில. ஒழுகுது." அவர் வாங்கிப் பார்த்து, உள்ளேயிருந்து புதியதை எடுத்துவந்தார். வெட்கமும் இல்லை, விளக்கமும் இல்லை. இப்படி ஒரு இடமாக என் கூட்டம் ஆறு மாதத்தில் ஒருநாள்கூட இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஷாகிதா இறங்கி வந்தார். "வாங்க மேடம். டீ போடவா?"

"மன்னிப்புக் கேட்க வந்தேன். அந்த இடது கை வித்தை எனக்கும் தெரியும், நானும் செஞ்சிருக்கேன். தெரிஞ்சே அந்தப் பிள்ளையை எழுப்பினேன்."

"கையை விடுங்க மேடம். அது ஊரே பண்றது." இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பவித்ரா சொன்னது நெசம். ஏன்னு எனக்குத் தெரியாது. நான் படிச்சது கெமிஸ்ட்ரி. கணக்குக்கு ஆள் இல்லைன்னு என்னை எடுக்கச் சொன்னாங்க. ஆறு வருசமா ரூல் ரூல்னு சொல்லி ஓட்டுறேன். அதுக்குத்தான் உங்களையெல்லாம் கூப்பிட்டதே."

"எதுக்கு?"

"கிளாஸ் முடிஞ்சதும் உங்க எல்லார்கிட்டயும் கேக்கலாம்னு இருந்தேன். இது ஏன் இப்படின்னு யாராவது சொல்லித் தாங்கன்னு. ஆனா பதினோரு பேர் வர்றாங்கன்னதும் பயம் வந்திருச்சு. அதான் கை ஏற்பாடு பண்ணேன். பாடம் நல்லா போச்சுன்னா அப்புறம் தைரியமா கேக்கலாம்ல? அதுக்குள்ள நீங்க எழுந்துட்டீங்க."

நான் தேடிக்கொண்டிருந்த அந்த ஒரு ஆசிரியர், தெரியாததைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைக்கத் தயாராக இருந்த ஒரே ஆள், அவரைத்தான் பிடித்துக் கீழே தள்ளியிருக்கிறேன்.

"உங்களுக்குத் தெரியுமா மேடம், ஏன்னு?"

வாயைத் திறந்தேன். அந்தப் பாடத்துக்கான பயிற்சியை நானே எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். "தெரியாது" என்றேன்.

ஷாகிதா என்னை நேராகப் பார்த்தார். "அப்ப அன்னிக்கு எங்க கிளாஸ்ல உங்களை எழுப்பியிருந்தா எந்தக் கையைத் தூக்கியிருப்பீங்க?"

அவர் கொடுத்த டீயைக் குடித்து முடித்தேன். பிறகு கேட்டேன், "உங்க ஏழாம் வகுப்பை எனக்கு ஒரு பீரியட் தருவீங்களா? அதே பாடம். எல்லாரும் வந்து பின்னாடி உட்காரட்டும். நான் விழுந்தா எல்லாரும் பார்க்கட்டும்."

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. மூன்று நாள் கழித்துச் செய்தி வந்தது: "அடுத்த வாரம் வியாழன் ரெண்டு மணி. பிள்ளைங்ககிட்ட எதுவும் சொல்லி வைக்கல."

வகுப்பெடுத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பத்து நாள் படித்து ஓர் உவமை தயார் செய்தேன். லிஃப்ட். தரைத்தளம் பூஜ்யம், மேலே போனால் ப்ளஸ், அடித்தளம் மைனஸ். வீட்டில் சுவரைப் பார்த்துச் சொன்னபோது அருமையாக இருந்தது. "லிஃப்ட்டில் யாரெல்லாம் போயிருக்கீங்க?" என்று தொடங்கினேன்.

பவித்ரா சொன்னாள், "எங்கம்மா வேல செய்யிற அப்பார்ட்மெண்ட்ல கீது மிஸ். ஆனா எங்கள ஏற வுட மாட்டாங்க."

என் உவமை அங்கேயே ஆட்டம் கண்டது. சமாளித்து மேலே போனேன். இரண்டு மாடி இறங்குவது, அதை மூன்று தடவை செய்வது, மைனஸ் ஆறு. அதுவரை சரி. ஒரு பையன் எழுந்தான். "மைனஸ் மூணு தடவ எப்பிடி மிஸ் இறங்குறது?"

பின்னால், விலகியிருந்த ஓரிருவரும் சேர்த்து ஏழு ஆசிரியர்கள். முன்னால் முப்பது முகம். கையில் சாக்பீஸ். அந்த நொடியில் நான்கு வழி தெரிந்தது. ரூல் என்று சொல்லலாம். நல்ல கேள்வி, நாளைக்குப் பார்ப்போம் எனலாம். கெட்டிக்காரப் பிள்ளை யாரையாவது எழுப்பிவிடலாம். சத்தம் போடாதீங்க என்று அதட்டலாம். என் சர்வீஸில் நான்கையும் செய்திருக்கிறேன், நான்கும் வேலை செய்யும். ஷாகிதா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று முகத்தில் தெரியவில்லை.

நான் இடது கையைத் தூக்கினேன்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பவித்ராதான் முதலில் புரிந்துகொண்டாள். "ஏய், மிஸ்ஸு எடது கையத் தூக்கிக்கினாங்கடீ!" சிரிப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது. கையை இறக்கவில்லை. "ஆமா. எனக்குத் தெரியல" என்றேன்.

பெஞ்ச் கிரீச்சிட்டது. தாமோதரன் எழுந்து நின்றார், இடது கை மேலே. "எனக்குந்தான் பசங்களா. பதினெட்டு வருசமா ரூலுன்னு சொல்லிக்கினுதான் கீறேன்." இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை. அவருக்குப் பின்னால் ஒவ்வொன்றாக இடது கைகள் எழுந்தன.

ஷாகிதா மட்டும் கை தூக்கவில்லை. எழுந்து வந்து என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டார். "நான் ஒண்ணு எழுதிப் பார்க்கவா மேடம்? சரியா வருமான்னு தெரியல" என்றவர், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். மூன்றை மைனஸ் இரண்டால் பெருக்கினால் மைனஸ் ஆறு. இரண்டைப் பெருக்கினால் மைனஸ் நான்கு. ஒன்றைப் பெருக்கினால் மைனஸ் இரண்டு. பூஜ்யத்தைப் பெருக்கினால் பூஜ்யம்.

"விடையை மட்டும் பாருங்க. என்ன ஆகுது?"

"ரெண்டு ரெண்டா ஏறுது மிஸ்" என்றாள் பவித்ரா.

"அடுத்தது மைனஸ் ஒண்ணை மைனஸ் ரெண்டால பெருக்கணும். இப்ப?"

"பூஜ்யத்துல நின்னுடுமா?"

"நீயே சொல்லு. ஏன் நிக்கணும்?"

பவித்ரா பலகையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "நிக்காது மிஸ். ஏறிக்கினுதானே வருது? ரெண்டு. ப்ளஸ் ரெண்டு!"

ஏன் என்று ஷாகிதா கேட்டார் என்பதை அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை. மணி அடித்து வெளியே வந்த பிறகு தாமோதரன்தான் சொன்னார். அப்போதே அவருக்கு அடுத்த சந்தேகமும் வந்துவிட்டது: "ஆனா மேடம், வரிச அப்படியே ஏறணும்னு இன்னா கட்டாயம்?" அந்தக் கேள்வியில் இரண்டு கூட்டம் சண்டை போட்டோம். டீ ஆறிப்போனது. குழு அன்றுதான் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு எல்லாம் செழித்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. எட்டுப் பேரைத் தாண்டியதில்லை நாங்கள். எல்லோரும் இடது கை தூக்கி நிற்கும் போட்டோ ஒன்றை மேலே அனுப்பினேன். "வலது கை தூக்கி வேற ஒண்ணு எடுத்து அனுப்புங்க மேடம், பார்க்க நல்லா இருக்கும்" என்று போன் வந்தது. எடுத்து அனுப்பினேன். சண்டை போடத் தெம்பில்லை. ஷாகிதா இடமாறுதல் கலந்தாய்வுக்குப் போனார், பட்டியலைப் பார்த்தார், எதையும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் கேட்டதற்கு என் பதில் இதுதான். குழு ஆரம்பிக்கிறவர் முதலில் தன் வகுப்பைத் திறந்து வையுங்கள், அடுத்தவர் வகுப்பை அல்ல. ஒருவர் நடித்தால் உடனே தோலுரிக்காதீர்கள், எதைக் கேட்கப் பயந்து நடிக்கிறார் என்று பொறுத்துப் பாருங்கள். எனக்கு அந்தப் பொறுமை ஒரு புதன்கிழமை இல்லாமல் போனது. அதைச் சரிசெய்ய மூன்று மாதமும் என் மானமும் ஆனது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசிக் கூட்டம். சால்வை போர்த்தினார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். எனக்கு அலுப்பாக இருந்தது, ஒரு பயமும் இருந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேன். "நான் போன பிறகும் இது நடக்குமா?"

ஷாகிதாவின் இடது கை மேலே போனது. பிறகு தாமோதரனுடையது. பிறகு எட்டும்.

கண் கலங்கிவிட்டது எனக்கு. வருத்தத்தில்தான், மறைக்க என்ன இருக்கிறது.

"நடக்குமான்னு தெரியாது மேடம்" என்றார் ஷாகிதா. "அடுத்த மாசம் யார் கிளாஸைப் பார்க்கப் போறோம்னு தெரியும்."

"யாருது?"

தாமோதரன் இடது கையை இறக்கிவிட்டு வலது கையைத் தூக்கினார். "என்னுதுதான் மேடம். மாட்டிக்கினேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பதினெட்டு வருஷம் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்த மனுஷன், அவர் மட்டும் சிரிக்கவில்லை. தூக்கிய கையை இறக்கவும் இல்லை.